கற்படுக்கையின் அருகில் இருந்தவர்கள்



நம் புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலில் ஏழடிப்பாட்டம் என்னும் குகைத்தளத்தைக் கண்டிருப்பீர்கள். அங்கே 17 கற்படுக்கைகள் உள்ளன. ஆசிரியையாகப் பணியாற்றிய காலத்தில் மாணவியரைப் பலமுறை அங்கு அழைத்துச் சென்றேன். கல்லின் மீது படுத்து நோன்பு நோற்ற முனிவர்களின் உறுதியைப் பற்றியே பேசினேன். அவர்கள் அருகில் அமர்ந்திருந்தவர் யார் என்று ஒருநாளும் நான் எண்ணிப் பார்த்ததில்லை.

சிவாரியர் அருளிய பகவதி ஆராதனை அதற்கு விடை தருகிறது. சல்லேகனை ஏற்ற முனிவருக்குத் துணைநிற்க 48 துறவியரை அந்நூல் வகுக்கிறது. எழுப்பவும் கிடத்தவும் சிலர். அறவுரை கூறச் சிலர். இரவில் விழித்திருக்கச் சிலர். அத்தனை பேர் கிடைக்காவிடில் இருவரேனும் வேண்டும். மனவலிமை மிக்க முனிவருக்கே துணை வேண்டும் எனில், புற்றுநோயால் துடிக்கும் இல்லறத்தார்க்கு வேண்டாவோ?

என் குறையொன்றைச் சொல்கிறேன். என்னுடன் பணியாற்றிய அம்மையார் ஒருவருக்கு வாயில் புற்றுநோய் கண்டது. புண்ணின் நாற்றம் பொறாமல் நான் வாசற்படியிலேயே நின்று நலம் விசாரித்துத் திரும்பினேன். “உள்ளே வாருங்கள் அக்கா” என்று அவர் அழைத்த குரல் இன்றும் என் செவியில் ஒலிக்கிறது. நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் மூன்றாவது உவர்ப்பின்மை. உத்தாயண மன்னன் தன்மேல் வாந்தியெடுத்த முனிவரை அருவருக்காமல் கழுவித் துடைத்த கதையை வகுப்பில் சொன்னவள் நான். கதை வாயில் இருந்தது, கையில் இல்லை.

“வலி அவரவர் வினைப்பயன், தாங்கத்தான் வேண்டும்” என்பாரும் நம்மிடையே உளர். தன் வினையைப் பொறுமையுடன் தாங்குதல் தனக்குரிய அறம். பிறர் வலியைக் கண்டு வாளாவிருத்தல் அறமாகாது. பிணியாளருக்குத் தொண்டு செய்தலாகிய வையாவிருத்தியம் அகத்தவம் ஆறனுள் ஒன்று. மருத்துவர் அளவறிந்து தரும் மார்ஃபின் வலியைத் தணிக்கும் மருந்து. அஃது உயிரைப் போக்குவதன்று. சல்லேகனையோ தானே விரும்பி, தெளிந்த அறிவுடன் ஏற்கும் நோன்பு. நோயாளி மீது அதைப் பிறர் சுமத்துதல் பெரும்பிழை.

1967-இல் இலண்டனில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கினார். உடல்வலியோடு மனத்துயர், குடும்பக்கவலை, ஆன்மத் தவிப்பு ஆகியவற்றையும் சேர்த்தே ஆற்ற வேண்டும் என்றார். 1993-இல் கோழிக்கோட்டில் வலிதணிப்புச் சங்கம் தோன்றியது. பின்னர் மலப்புறம் மாவட்டத்தில் அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்று, செவிலியருடன் வீடு வீடாகச் சென்றனர். நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீடு தேடி வரும் வலிதணிப்புப் பராமரிப்பும் அடங்கும்.

ஆயினும் செவிலியர் சென்றபின் எஞ்சிய பொழுது முழுவதும் நம்முடையது. புண்ணுக்குக் கட்டு மாற்றவும், புரட்டிப் படுக்க வைக்கவும் கற்றுக்கொள்வோம். இரவெல்லாம் கண்விழித்த மருமகளை இரண்டு மணி நேரம் உறங்கச் செய்வோம். நோயாளி கேட்டால் ஐம்பத மந்திரம் ஓதுவோம். கேளாவிடில் கைபற்றி மௌனமாய் அமர்வோம்.

மறுமுறை ஏழடிப்பாட்டம் செல்லும்போது, கற்படுக்கைகளுக்கு இடையே உள்ள வெற்றிடத்தையும் நோக்குங்கள். அஃது அருகில் இருந்தவர்களின் இடம். நான் வாசற்படியில் விட்டுவிட்ட இடமும் அதுவே. நீங்கள் அதை விட்டுவிடாதீர்கள்.

அறம் வளர்க! அகிம்சை ஓங்குக!