புது வீட்டில் பழைய விருந்தினர்

பழையது ஒன்றைக் காப்பது என்றால் எதைக் காப்பது? அதன் பொருளையா, அது குடியிருந்த உடலையா? ஓலைச்சுவடிக் காலந்தொட்டுத் தமிழர் எதிர்கொண்டு வரும் இவ்வினா, இன்று கணினி முன் அமரும் ஆசிரியரையும் விட்டபாடில்லை.

கம்போங் மேடானில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரிய நண்பர் ஒருவர், மாணவர்க்கென எழுதிய நாடகங்களை நெகிழ்வட்டுகளில் வைத்துள்ளார். அவற்றைப் படிக்கும் கருவி கிட்டினாலும், கோப்பைத் திறந்தால் தமிழ் தெரிவதில்லை. பொருளற்ற உரோமன் எழுத்துகளே தெரிகின்றன. யூனிகோடு பரவுமுன் எழுத்துருக்கள் பலவும் தத்தமக்கென ஒரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தன. பாமினி எழுத்துருவில், ஆங்கிலச் சிறிய 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் நம் அகரம் அமர்ந்திருக்கும். எழுத்துரு இல்லையேல் அகரமும் இல்லை.

இதற்கு இரு வழிகள் உள. ஒன்று, கோப்பை யூனிகோடுக்கு மாற்றுவது. மற்றொன்று, விண்டோஸ் 98 போன்ற பழைய இயங்குதளத்தை மெய்நிகர் கணினி ஒன்றில் நிறுவி, கோப்பை அதன் பிறந்தகத்திலேயே திறப்பது. மெய்நிகர் கணினி என்பது கணினிக்குள் ஒரு கணினி. 1960களிலேயே ஐ.பி.எம். நிறுவனத்தார் பெருங்கணினிகளில் கையாண்ட உத்தி இது. புதுக்கணினி விருந்தோம்புவதாகவும், பழைய இயங்குதளம் விருந்தினராகவும் பெயர் பெறுகின்றன. வன்தட்டு என்று விருந்தினர் நம்புவது உண்மையில் ஒரு கோப்பே. தனி வீட்டில் வாழ்வதாகவே அது எண்ணிக்கொள்கிறது. இஃது ஏமாற்றுதலன்றோ என்பார் உளர். குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யையும் வாய்மையின் வரிசையில் வைத்தவர் வள்ளுவர். இந்தப் பொய்யை அவர் மன்னித்திருப்பார் என்றே கருதுகிறேன்.

நுட்பம் இதற்கு அப்பால் உள்ளது. விருந்தினருக்கு வாரி வழங்கினால் அது நோயுறும். விண்டோஸ் 98-க்கு 512 மெகாபைட்டுக்கு மேல் நினைவகம் கொடுத்தால் தடுமாறும். விண்டோஸ் 95-இன் கதை இன்னும் வியப்பானது. தொடங்கும்போது அது ஒரு சிறு கணக்கைப் பலமுறை செய்து, அதற்கான நேரத்தை அளந்து, அந்நேரத்தால் வகுக்கிறது. ஏறத்தாழ 2.1 கிகாஹெர்ட்சுக்கு மேற்பட்ட செயலியில் அக்கணக்கு நொடிப்பொழுதில் முடிந்து, நேரம் சுழியமாகிவிடுகிறது. சுழியத்தால் வகுக்க யாரால் இயலும்? இயங்குதளம் அங்கேயே நின்றுவிடுகிறது. நம் வேகமே முதியவரை வீழ்த்துகிறது! இதனைத் தவிர்க்க, பழைய நிரலிலேயே ஒரு திருத்தம் இடுகின்றனர். திருத்தியபின் அது பழையதுதானா?

உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோதும் இவ்வினா இருந்தது. ஏடுகளில் பெரும்பாலும் புள்ளி இராது; எகர ஏகார வேறுபாடும் இராது. பதிப்பாசிரியர் படித்துணர்ந்து இட்ட புள்ளிகளோடுதான் நூல் நம் கைக்கு வந்தது. அதனைச் சிந்தாமணி அன்று என்று யார் சொல்வர்?

ஆயினும் மாற்றத்திலும் இழப்பு உண்டு. டிஸ்கி முறையில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் மூன்று துண்டுகளாகச் சேமிக்கப்பட்டது. யூனிகோடில் ககரத்திற்குப் பின்னரே உயிர்க்குறி வரும். இலக்கண நெறிக்கு ஒத்தது பின்னதே. ஆனால், 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்திய லை, ணை வடிவங்களில் ஒருவர் விரும்பித் தட்டெழுதியிருந்தால், அவ்விருப்பம் மாற்றத்தில் கரைந்துபோகும். யூனிகோடு எழுத்தை அறியும். அதன் வடிவத்தை எழுத்துருவின் கையில் விட்டுவிடும்.

ஆகவே மாணவர் கையில் யூனிகோடு வடிவைக் கொடுப்போம்; சரிபார்க்கும் ஆசிரியர் பழைய திரையையும் அருகில் வைத்துக்கொள்ளட்டும். உரிமம் பெற்ற வட்டையே நிறுவுதல் வேண்டும். விற்பனை நின்றதால் உரிமை ஒழிந்துவிடுவதில்லை. விண்டோஸ் 98-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2006 ஜூலையோடு நின்றுவிட்டன. எனவே அதனை இணையத்தோடு இணைக்கலாகாது. வாயிற்கதவைச் சாத்தி, உள்ளே இருக்கும் பெரியவரிடம் வேண்டியதைக் கேட்டுப் படியெடுத்துக்கொள்ள வேண்டும். எத்தனை நாள் அப்படி வைத்திருப்பது என்பதை, கடைசிக் கோப்பு ஒப்பிட்டு முடிந்த பின்னரே முடிவு செய்யலாம்.