சொல்லாத வாக்கு

2024 ஏப்ரல் மாதம். தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தலுக்குப் பத்து நாள்கூட இல்லை. எங்கள் குடும்பக் குழுவில் பெரியப்பா ஒரு படம் போட்டார். ஒரு பெண் வேட்பாளரின் முகத்தை வேறு யாருடைய உடம்பிலோ ஒட்டிய படம். கீழே அவருடைய ஒழுக்கத்தைப் பற்றி நான்கு வரி. ஐந்து நிமிடத்தில் மூன்று சிரிப்புப் பொம்மைகள் வந்து விழுந்தன. அது ஒட்டுவேலை என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வகுப்பறையில் பெண்ணியம் பேசுகிறவள் நான். ஆனாலும் ஒன்றும் எழுதவில்லை. பெரியப்பாவிடம் யார் வாய்கொடுப்பது என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன்.

இரண்டு நாள் கழித்து ஊரிலிருந்து அத்தை கூப்பிட்டார். நலம் விசாரித்து முடித்ததும் கேட்டார்: "அந்தப் பொம்பள நெசமாவே அப்படித்தானா கண்ணு?"

"இல்லத்தை, அது யாரோ வேணும்னே செஞ்ச படம்."

"அப்ப நீ ஏன் ஒண்ணும் சொல்லல? படிச்ச புள்ள, நீயே பார்த்துட்டு சும்மா இருக்கியேன்னு, நெசந்தான்னு நெனச்சுட்டேன்."

இணையம் வாக்காளர்களை ஏமாற்றுகிறது என்று ஒவ்வொரு தேர்தலின்போதும் பேசுகிறோம். பேச்சு பெண்களிடம் வரும்போது அதில் ஒரு பழைய ராகம் கலந்துவிடும். அவளுக்கு என்ன தெரியும், போனில் வந்ததையெல்லாம் நம்புவாள் என்போம். முன்பு, வீட்டுக்காரர் சொன்ன சின்னத்தில் குத்துவாள் என்றார்கள். புருஷன் இருந்த இடத்தில் இப்போது போன்.

இந்த நாட்டில் பெண்ணின் வாக்கு முதல் தேர்தலிலேயே அவளுடைய பெயரில் போய் இடறியது. 1951-52 தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே சொன்னார்கள். அப்படிப் பதிவதைத் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் ஏற்கவில்லை. ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இடம்பெறாமல் போனார்கள். அங்கிருந்து நடந்து வந்து, 2019 மக்களவைத் தேர்தலில் பெண்களின் வாக்குப்பதிவு விகிதம் ஆண்களுடையதை மயிரிழையில் தாண்டியது. 2024இலும் அப்படியே. ஆக, அவள் சாவடிக்குத் தன் பெயரோடு வந்துவிட்டாள். சாவடிக்கு வருவதற்கு முந்தைய நாட்கள் யாருடையவை என்பதுதான் இன்று என் கேள்வி.

பிறர் சொல்லைக் கேட்டு மனம் மாறுவதில் இழிவு எதுவுமில்லை. தெருமுனைக் கூட்டம், ரேஷன் கடை வரிசை, நூறு நாள் வேலையில் மரத்தடிப் பேச்சு எல்லாமே நம்மை மாற்றுகின்றன. யாருடைய முடிவும் வெற்றிடத்தில் பிறப்பதில்லை. ஆனால் அந்த இடங்களில் சொல்கிறவருக்கு ஒரு முகம் இருக்கும். "உனக்கு யாரு சொன்னா?" என்று கேட்கலாம். பக்கத்தில் நிற்பவள் "அதெல்லாம் பொய்யி" என்று வெட்டிவிடலாம். ஒரு செல்வாக்கு நியாயமானதா என்று அறிய எனக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான்: அதற்குப் பதில் சொல்ல முடிகிறதா?

அத்தையால் முடியாது. அவர் கையில் இருப்பது மகன் மாற்றிக்கொண்ட பழைய போன். மாதாமாதம் பணம் போடுகிறவன் அவன். குழுவில் சேர்த்ததும் அவனே. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தாங்களே பயன்படுத்தும் கைபேசி உள்ள பெண்கள் நூற்றுக்கு 54 பேர்தான். இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்கள் பெண்களில் 33 விழுக்காடு, ஆண்களில் 57. மற்றப் பெண்களிடம் இணையம் வராமல் இல்லை. மகனின், கணவனின், மருமகனின் வாய்வழியாக வருகிறது. யாரெல்லாம் தன்னைக் குழுவில் சேர்க்கலாம் என்று முடிவுசெய்யும் வசதியே வாட்ஸாப்பில் 2019 ஏப்ரலில்தான் வந்தது. அதுவரை கேட்காமலே கூட்டத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தலாம். ஒப்புதல் என்ற சொல்லைப் படுக்கையறையோடு நிறுத்திவிட முடியாது.

வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் பொதுக்கூட்டம் கூடாது என்கிறது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆம் பிரிவு. வாக்காளர் அமைதியாக யோசிக்கட்டும் என்பது அதன் எண்ணம். தெருவில் ஒலிபெருக்கி அடங்குகிறது. தலையணைக்குப் பக்கத்தில் போன் அடங்குவதில்லை.

அதில் வருவதும் எல்லோரையும் ஒரேபோலத் தாக்குவதில்லை. 2019 தேர்தலை ஒட்டிய மூன்று மாதங்களில் 95 பெண் அரசியல்வாதிகளைக் குறிப்பிட்ட ட்விட்டர் பதிவுகளை அம்னெஸ்டி ஆராய்ந்தது. ஏழில் ஒன்று வசையாகவோ சிக்கலானதாகவோ இருந்தது. இஸ்லாமியப் பெண்களுக்கு மதத்தின் பெயராலும், ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்குச் சாதியின் பெயராலும் கூடுதலாகக் கிடைத்தது. ஆண் வேட்பாளரிடம் கணக்கு கேட்கிறார்கள், பெண் வேட்பாளரிடம் கற்பு கேட்கிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கும் அதில் ஒரு சேதி இருக்கிறது: வெளியே வந்தால் உனக்கும் இதுதான். 2024இல் மக்களவைக்குப் போன பெண்கள் 74 பேர், முந்தைய தேர்தலைவிட நான்கு பேர் குறைவு. அதற்குக் காரணங்கள் பல. இந்த அச்சத்துக்கும் அதில் பங்கில்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை.

அத்தையிடம் பேசியபின் குழுவில் எழுதினேன்: "பெரியப்பா, அந்தப் படம் பொய். எடுத்துவிடுங்கள்." உடனே பதில் வந்தது: "குடும்பக் குழுவில் அரசியல் பேச வேண்டாம்." படம் அரசியல் இல்லையாம். மறுப்புதான் அரசியலாம். ஆணின் பேச்சு இயல்பு, பெண்ணின் பதில் சச்சரவு என்று நாம் காலங்காலமாக அறிந்த விதிதான் இது.

எல்லாப் பெண்ணும் பதில் எழுத வேண்டும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. மாமனார் அனுப்பியதை மறுத்துவிட்டு அதே வீட்டில் அவருக்கே சோறு போட வேண்டிய மருமகளுக்கு அந்த ஒரு வரியின் விலை அதிகம். எனக்கு அந்த விலை கிடையாது. என் சம்பளம், என் வீடு, என் போன். இழக்க என்னிடம் இருந்தது பெரியப்பாவின் நல்ல அபிப்பிராயம் ஒன்றுதான். அதைக் காப்பாற்றிக்கொள்ள அத்தையின் தெளிவைக் கொடுத்தேன். குறைந்த விலையில் பேச முடிகிறவர்கள் முதலில் பேச வேண்டும். படிப்பின் பெயரால் நம்மை நம்பி, நம் மௌனத்தையும் ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்கிற பெண்கள் நம் எல்லார் குடும்பத்திலும் இருக்கிறார்கள்.

தமிழில் வாக்கு என்றால் ஓட்டு, சொல்லும்தான். ஒன்றைச் சட்டம் தந்துவிட்டது. மற்றது இன்னும் குழுவின் மூத்த ஆண்களிடம்தான் இருக்கிறது.

தேர்தல் முடிந்த மறுநாள் அத்தையிடம் யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் சொல்லக் கூடாது கண்ணு" என்றார். மகன் கேட்டதற்கும் அதையே சொன்னாராம்.