வயலும் சிற்றுயிரும்

அசி, மசி, கிருஷி முதலிய ஆறு தொழில்களையும் மக்களுக்குக் கற்பித்தவர் ஆதிபகவனாகிய விருஷபதேவரே என்பது நம் மரபு. நம்முள் பல குடும்பங்கள் இன்றும் உழுதே வாழ்கின்றன. ஆயினும் ஏர்முனையில் மண்புழு மடிகின்றது. மருந்துத் தெளிப்பில் பூச்சி மடிகின்றது. இவ்விரண்டும் ஒரே தன்மையுடைய கொலைதாமோ?

தொழில்வழி நேரும் உயிர்க்கேட்டை உத்யோகி இம்சை என்றும், கொல்லும் எண்ணத்தோடே செய்வதைச் சங்கல்பி இம்சை என்றும் நம் ஆசிரியர்கள் பிரித்தனர். இல்லறத்தார் பின்னதை அறவே விலக்க வேண்டும். பயிரைக் காக்கவே தெளிக்கின்றோம், ஆதலின் அது தற்காப்பாகிய விரோதி இம்சையே என்பார் உளர். அவ்வாதத்தை எளிதில் தள்ள இயலாது.

நெல்லில் தோன்றும் புகையானை எடுத்துக்கொள்வோம். இலையுறைக்குள் இட்ட அதன் முட்டைகள் தெளிப்பிற்குத் தப்புகின்றன. அதனை உண்டு வாழும் சிலந்திகளும் மிரிட் நாவாய்ப்பூச்சிகளுமோ அழிந்துபடுகின்றன. பின்னர்ப் பொரிக்கும் குஞ்சுகள் தடுப்பாரின்றிப் பெருகுகின்றன. உடனே மறு தெளிப்பு! இதனைப் பட்டறிந்த இந்தோனேசிய அரசு, 1986-ஆம் ஆண்டு 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்குத் தடை செய்தது. விளைச்சல் வீழ்ந்துவிடவில்லை. பகையல்லாத உயிரைக் கொன்று பகையையே வளர்க்கும் செயலைத் தற்காப்பு என்பது எங்ஙனம்? ஆளை வைத்துத் தெளித்தோம் என்பதும் விடையாகாது. செய்வித்தலும் செய்தலோடு ஒக்கும்.

இயற்கை வேளாண்மை குற்றமற்றது என்று நாம் கூற வரவில்லை. களைக்கொல்லி இல்லையேல் களை மிகும். அதனை வெல்லச் சேற்றுழவைக் கூட்டுகின்றோம், கோனோவீடர் உருட்டுகின்றோம். கலப்பையின் பின்னே கொக்குகள் தொடர்வது எதற்கென்று அறியாதவர் யார்? ஓரறிவுடைய களையின்பொருட்டு ஈரறிவுடைய புழு மாய்கின்றது. விளக்குப்பொறியோ நல்ல பூச்சி, தீய பூச்சி என்று பாராமல் ஈர்த்து மடிவிக்கின்றது. வேப்பங்கொட்டைச் சாறும் கொல்லும் கருத்தோடு தெளிக்கப்படுவதே.

ஆதலின் வேளாண்மையின் பெயரைவிட, தெளிக்குமுன் எண்ணிப் பார்த்தோமா என்பதே பெரிது என எமக்குத் தோன்றுகின்றது. இது வெறும் உபசாரச் சொல்லன்று, உண்மையாகவே எண்ணலாம். தூருக்கு ஒரு புகையான் வரை பொறுக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருப்பின் இரண்டு வரை பொறுக்கலாம் என்பது வேளாண் துறையார் வகுத்த அளவு. நடும்போதே இரண்டரை மீட்டருக்கு ஓர் அடி இடைவெளி விட்டு, யூரியாவைக் குறைத்து, நீரை அவ்வப்போது வடித்துவிட்டால், அந்த எண்ணிக்கை வரம்பைத் தாண்டுவதே அரிதாகும்.