மாக்கோழியும் மிதிவண்டியும்

இங்கிலாந்தில் பொறியியல் பயிலும் என் பெயரன் சென்ற ஆண்டு எனக்கொரு கடிதம் எழுதியிருந்தான். முதல் உலகப் போரில் (1914–1918) ஆங்கிலேயரின் மிதிவண்டிப் படையினர் ஓட்டிய வண்டியைப் போன்ற ஒன்றைத் தன் கையால் உருவாக்கி வருவதாகவும், அக்காலச் சீருடை அணிந்து படை வாழ்க்கையை மக்களுக்கு நடித்துக்காட்டும் குழுவொன்றில் சேர்ந்திருப்பதாகவும் தெரிவித்து, "பாட்டி, இது நம் அகிம்சா விரதத்திற்கு மாறானதா? நீங்கள் சொல்லுங்கள்" என்று வினவியிருந்தான்.

நான் சற்றும் ஆராயாமல், "மாறானதே, விட்டுவிடு" என்று ஒரே வரியில் விடை எழுதினேன். இரண்டு மாதங்கள் அவனிடமிருந்து கடிதமே இல்லை. வினாக் கேட்கும் மாணவனை அடக்கலாகாது என்று ஆசிரியப் பயிற்சியில் கற்று, முப்பதாண்டுகளுக்கு மேல் அதனைக் கடைப்பிடித்தவள், சொந்தப் பெயரனின் வாயை அடைத்துவிட்டேனே என்ற எண்ணம் உறுத்திற்று. அதன்பின் ஆராய்ந்ததையே இங்கு எழுதுகின்றேன்.

அவன் செய்தது யாது? இந்தியாவில் தயாரான, கம்பி பிரேக் பூட்டிய கனத்த மிதிவண்டி ஒன்றை வாங்கினான். அதன் சட்டமும் 28 அங்குலச் சக்கரங்களும் பழைய ஆங்கிலேய வண்டிகளின் வழிவந்தவை. ஆதலின் பெரிய மாற்றம் வேண்டியிருக்கவில்லை. பளபளப்பை நீக்கி மங்கிய பச்சை வண்ணம் பூசினான். பின்புறம் உறுதியான கேரியரை அமைத்தான். இறுதியாக, துப்பாக்கியைத் தாங்கும் இரு கவ்விகளைச் சட்டத்தில் பொருத்தினான். நம் ஊர்ப் பால்காரரின் வண்டிக்கும் போர்வீரனின் வண்டிக்கும் இடையே இருந்த வேற்றுமை பெரும்பாலும் அந்த வண்ணமும் அக்கவ்விகளுமே!

நம் இல்லங்கள் பலவற்றில் பி.எஸ்.ஏ. மிதிவண்டி இருந்ததுண்டு. அம்மூன்று எழுத்துகள் பர்மிங்காம் நகரின் சிறு படைக்கலன்களைக் குறிப்பன என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1861ஆம் ஆண்டில் துப்பாக்கி செய்வோர் கூடி நிறுவிய தொழிலகம் அது; மிதிவண்டி செய்யத் தொடங்கியது பின்னரே. ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகளே அதன் இலச்சினை. அப்பெயர் தாங்கி அம்பத்தூரில் தயாரான வண்டியில்தான் நான் பல ஆண்டுகள் பள்ளிக்குச் சென்றேன். படைக்கலனின் நினைவு ஒருநாளும் எனக்கு எழுந்ததில்லை. பொருளின் பிறப்பும் பெயரும் தாமே இம்சையாகிவிடுவதில்லை என்பது இதனால் விளங்கும்.

அப்படியாயின், எவரையும் கொல்லாத போலி வண்டியால் தீங்கே இல்லை என்று கூறிவிடலாமா? அதுவும் கூடாது. யசோதர காவியத்தை நாம் அறிவோம். உயிருள்ள கோழிக்கு மாற்றாக, மாவினாற் செய்த கோழியைத் தாயின் சொற்கேட்டுப் பலியிட்டான் மன்னன். அறுபட்டது மாக்கோழியே, கொல்லும் எண்ணமோ மெய்யானது. அவ்வெண்ணத்தின் பயனாகத் தாயும் மகனும் விலங்குப் பிறவிகள் பல எடுத்து உழன்றனர். பொருள் போலியாயினும் எண்ணம் மெய்யாயின் வினையும் மெய்யே.

ஆகவே நான் பெயரனிடம் கேட்டிருக்க வேண்டிய வினா, "வண்டி செய்யலாமா?" என்பதன்று; "அதன்மீது அமரும்போது உன் உள்ளம் எங்கே செல்கிறது?" என்பதே. சுடுவதுபோல் நடிப்பதில் உள்ளம் களிக்குமாயின் அது மாக்கோழி. தன் வயதையொத்த இளைஞர் இத்தகைய வண்டியைச் சேற்றில் தள்ளிச் சென்று வீடு திரும்பாமற் போனதை எண்ணி உள்ளம் கனக்குமாயின் அது நினைவேந்தல்.

நினைவேந்தலுக்கும் ஒரு குறை உண்டு. வண்டியில் சென்றவனை நினைப்போர், அதனைப் பறிகொடுத்தவனை நினைப்பதில்லை. 1941 டிசம்பர் 8 அன்று மலாயாவில் இறங்கிய ஜப்பானியப் படையினர், மக்களிடமிருந்து பறித்த மிதிவண்டிகளிலும் ஏறித் தெற்கே விரைந்தனர். டயர்கள் கிழிந்தபின் வெறும் ரிம்மின்மீதே ஓட்டினர்; இரவில் அவ்வோசை பீரங்கி வண்டிகள் வருவது போல் கேட்டதாம். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. பின்னர்த் தோட்டங்களிலிருந்த தமிழர் பல்லாயிரவர் சயாம் இரயில் பாதைப் பணிக்குக் கொண்டு செல்லப்பட்டு, அவர்களுள் மிகப் பலர் மடிந்தனர்.

என் பெரியப்பா அங்கு ஒரு தோட்டத்தில் கணக்கராக இருந்தவர். மிதிவண்டி வாங்கியிருப்பதாக எழுதிய கடிதமே அவரிடமிருந்து எங்கள் வீட்டிற்கு வந்த கடைசிக் கடிதம். என்னவானார் என்பது இன்றுவரை தெரியவில்லை. நான் பிறக்குமுன் நிகழ்ந்தது இது. ஆயினும் பாட்டி தபால்காரரின் மணியோசை கேட்கும்போதெல்லாம் திண்ணைக்கு வந்து நின்றதை நான் கண்டிருக்கின்றேன்.

இவற்றையெல்லாம் விரிவாக எழுதி, என் முதல் விடைக்கு வருத்தமும் தெரிவித்துப் பெயரனுக்கு அனுப்பினேன். கவ்விகளைக் கழற்றிவிடலாமே என்றும் யோசனை கூறினேன். அவன் விடை எழுதினான்: "பாட்டி, கவ்விகளைக் கழற்றினால் இவ்வண்டி எதற்காகச் செய்யப்பட்டது என்பதை மறைத்தவனாவேன். அவை இருக்கட்டும், துப்பாக்கியை மட்டும் வைக்கமாட்டேன். பெரிய தாத்தாவின் கதையையும் சொல்வேன்."

அவன் கூறியது என் யோசனையினும் சிறந்தது. வெறுமையான கவ்விகளைக் காணும் ஏதேனும் ஒரு குழந்தை, "இவை எதற்கு?" என்று கேட்கும். அவ்வினாவிற்கு என் பெயரனாவது ஒரே வரியில் விடை கூறாதிருப்பானாக!