வாய் திறந்தால் நட்டம்

ஆதிச்சநல்லூர்ப் புதைகாட்டுப் பறம்பை 1876இல் பெர்லினிலிருந்து வந்த ஜாகோர் தோண்டினார். கால் நூற்றாண்டு கழித்துத் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். அங்கே கிடைத்த வெண்கலப் பொருள்களில் எருமை உருவமும் சேவல் உருவமும் உண்டு. செத்தவரோடு சேர்த்துப் புதைக்கிற அளவுக்கு அவற்றுக்கு மதிப்பு இருந்திருக்கிறது.

ஜாகோர் வருவதற்குப் பத்து ஆண்டு முன்பே, 1866இல், சென்னை மாகாணத்துக்கு மாட்டு நோய்ச் சட்டம் வந்துவிட்டது. அரசுக்கு மாட்டின் மேல் திடீர்ப் பாசம் பிறந்ததாக எண்ண வேண்டாம். உழவு மாடு செத்தால் நிலவரி எங்கிருந்து வரும்?

அன்று தொழுவம் தொழுவமாகக் காலி செய்தது வெக்கை நோய். 1920களில் முக்தேசுவர் கால்நடை ஆய்வகத்தில் எட்வர்ட்ஸ் ஆட்டின் உடலில் பழக்கி எடுத்த தடுப்பூசி, 1954இல் தொடங்கிய தேசியத் திட்டம் என்று அதை ஒழிக்கப் பல பத்தாண்டுகள் பிடித்தன. 1995க்குப் பிறகு இந்தியாவில் அது தலைகாட்டவில்லை. 2011இல் உலகமே விடுபட்டது. பெரியம்மைக்கு அடுத்து மனிதர் ஒழித்த நோய் இது ஒன்றுதான். கடைசிக் கட்டத்தில் ஊசியை நிறுத்திவிட்டு ஊர் ஊராக நோயைத் தேடிப் போனார்கள். தேடிப் போனது அரசு என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

2009ஆம் ஆண்டுக் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டம் அந்தப் பொறுப்பை ஆடு மாடு வளர்ப்பவர் தலையில் வைக்கிறது. தொற்று என்று ஐயம் வந்தால் அவரே கிராம அலுவலரிடமோ ஊராட்சியிலோ போய்ச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முதல் தடவை ஆயிரம் ரூபாய் வரை அபராதம்.

2019இல் 13,343 கோடி ரூபாயில் ஒரு திட்டம் வந்தது. 2030க்குள் கோமாரியை ஒழிப்பதும் கன்றுவீச்சு நோயைக் கட்டுப்படுத்துவதும் இலக்கு. கன்றுவீச்சு பால் வழியாகவும் தொடுகை வழியாகவும் மனிதருக்கும் தொற்றும். காய்ச்சல் விட்டு விட்டு வரும், மூட்டு வலிக்கும், பலருக்கு அது இன்ன நோய் என்றே தெரியாமல் போகும். மனிதரைக் கடுமையாகப் பிடிக்கும் வகை பெரும்பாலும் ஆட்டிலிருந்து வருவது. திட்டத்தின் கன்றுவீச்சு ஊசியோ நான்கு முதல் எட்டு மாதப் பசு, எருமைக் கிடேரிகளுக்கு மட்டும். ஆதிச்சநல்லூருக்கு வடக்கே கரிசல் காட்டில் ஆட்டை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், கோமாரி ஊசி இருக்கிறது என்பார்கள். அதுவும் உண்மைதான்.

மற்றபடி, பாலைப் பொங்கக் காய்ச்சும் நம் வீட்டுப் பெண்கள்தான் இதுவரை பொதுச் சுகாதாரத்தைக் காத்து வந்திருக்கிறார்கள். அதற்கு எந்த நிதிநிலை அறிக்கையிலும் ஒதுக்கீடு இல்லை. ஆனால் செத்துப் பிறந்த குட்டியை வெறுங்கையால் இழுத்துப் போடுகிறவளுக்குக் காய்ச்சிய பால் காவல் அல்ல.

எட்டயபுரம் சந்தைக்கு ஆடு பிடித்துப் போகிறவருக்குக் கணக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நோய் என்று வாய் திறந்தால் அவர் ஆட்டை மட்டுமல்ல, அந்த ஊர் ஆட்டையே எவரும் தொட மாட்டார்கள். மூடிக்கொண்டால், அதுவும் பிடிபட்டால்தான், ஆயிரம் ரூபாய். இன்றைய விலைக்கு ஒரு நல்ல குட்டிகூட அதற்கு வராது.