விடுதலைப் பத்திரம்

"சார் எப்பங்க வருவாரு?"

வீடு பார்க்கக் கிளம்பிய எட்டு மாதங்களில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். அஸ்தம்பட்டி, அழகாபுரம், சூரமங்கலம், கொண்டலாம்பட்டி, அந்தப் பக்கம் ராசிபுரம் வரை போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமையானால் புரோக்கரின் பைக் முன்னால் போகும், என் ஸ்கூட்டி பின்னால் போகும். வீட்டுக்குள் நுழைந்ததும் என்னை நேராகச் சமையலறைக்குக் கூட்டிப்போவார்கள். "கிரானைட் மேடை பாருங்க, லாஃப்ட் பாருங்க." பட்டா யார் பேரில் இருக்கிறது, போர் எத்தனை அடி, மேட்டூர் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று கேட்டால், "அதெல்லாம் சார் வந்தப்புறம் பேசிக்கலாங்க" என்பார்கள்.

சார் வரமாட்டார். நாங்கள் பிரிந்து ஒன்பது வருடமாகிறது. இரண்டு பிள்ளைகள், பள்ளி ஆசிரியை சம்பளம், வங்கிக் கடன். இவ்வளவுதான் என் பலம். சுற்றிவளைத்துச் சாதி விசாரித்தவர்களும் உண்டு. என் பதில் அவர்களுக்கு ஒத்துவந்ததால்தான் சில கதவுகள் திறந்தன என்பதையும் மறைக்கக் கூடாது.

அழகாபுரத்தில் ஒரு வீடு மனதுக்குப் பிடித்தது. பழைய வீடு, முன்னால் ஒரு வேப்பமரம், நல்ல காற்று. அப்பா கட்டியது, மகன் விற்கிறார். அப்பா உயில் எழுதவில்லை, அம்மாவும் இல்லை. வாரிசுச் சான்றிதழில் மூன்று பெயர்கள் இருந்தன: ஒரு மகன், இரண்டு மகள்கள்.

"தங்கச்சிங்க ரெண்டு பேரும் பங்கு வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுருவாங்க. சுத்தமான பத்திரமா உங்க கைக்கு வந்துரும்," என்றார் புரோக்கர்.

சுத்தமான பத்திரம். வழக்கமான வார்த்தைதான். அன்றைக்கு அது என் காதில் வேறு மாதிரி விழுந்தது. பெண்களின் பெயர் அதில் இருக்கும்வரை பத்திரம் அழுக்கு, அவர்கள் எழுதிக் கொடுத்து விலகிவிட்டால் சுத்தம். அப்படி எழுதிக் கொடுப்பதற்குத் தமிழில் பெயர் விடுதலைப் பத்திரம். யார் எதிலிருந்து விடுதலை பெறுகிறார்கள்?

நானும் ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். 2011-இல். அண்ணன் போன் செய்தான். "உனக்கு எப்ப வசதிப்படும்?" என்று கேட்டான். உனக்குப் பங்கு வேண்டுமா என்று கேட்கவில்லை. பள்ளிக்கு அரை நாள் விடுப்புப் போட்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் காத்திருந்து, கைரேகை வைத்துவிட்டு வந்தேன். அண்ணி பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தாள். வழியில் எல்லோரும் சேர்ந்து டிபன் சாப்பிட்டோம். சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

சட்டம் தெரியாமல் போட்ட கையெழுத்தல்ல அது. பெண்களுக்கும் சம சொத்துரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம், அப்பா சுயமாகச் சம்பாதித்து உயில் எழுதாமல் விட்டுப்போன சொத்தில் மகளுக்கும் பங்கு தந்தது. குடியிருக்கும் வீட்டை மட்டும் ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும்வரை மகள் பிரித்துக் கேட்க முடியாது என்று 23-ஆவது பிரிவில் பூட்டு போட்டது. 1989-இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம், அதற்குமுன் மணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்திலும் சம உரிமை கொடுத்தது. 2005 செப்டம்பர் 9 முதல் அந்த உரிமை நாடு முழுக்க வந்தது. 23-ஆவது பிரிவும் போனது. நான் கைரேகை வைத்தது அதற்கு ஆறு வருடம் கழித்து. சட்டம் கொடுத்ததை ஒரு பட்டுப்புடவைக்கும் ஒரு வேளை டிபனுக்கும் திருப்பிக் கொடுத்தேன்.

"பாசத்தில் கொடுத்தாய், அதில் என்ன தப்பு?" என்று கேட்பீர்கள். தப்பில்லை. மனிதர்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காமல் எந்தக் குடும்பமும் நடக்காது. ஆனால் ஒன்றைக் கொடை என்று சொல்ல வேண்டுமானால், மறுத்திருந்தாலும் உறவு அப்படியே இருந்திருக்க வேண்டும். "எனக்குப் பங்கு வேணும்ணா" என்று நான் சொல்லியிருந்தால் அடுத்த பொங்கலுக்கு அந்த வாசலில் எனக்கு இடம் இருந்திருக்குமா? இருந்திருக்காது. அப்படியென்றால் நான் கொடுத்தது கொடையல்ல, பிறந்த வீட்டுக்குள் நுழைவதற்கான கட்டணம்.

"கல்யாணத்துக்கு நகை போட்டார்களே, அது பங்கில்லையா?" என்றும் கேட்பார்கள். என் நகை கணவரின் லாரிக்குப் போனது. லாரி ஃபைனான்ஸ்காரருக்குப் போனது. பெண்ணுக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும் எதுவும் பெண்ணின் கையில் தங்குவதில்லை. வீடு தங்கும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் பிரதீப் பாண்டாவும் பினா அகர்வாலும் செய்த ஆய்வு 2005-இல் வெளிவந்தது. சொந்தமாக நிலமோ வீடோ இல்லாத மணமான பெண்களில் 49 சதவீதம் பேர் கணவரிடம் அடி வாங்கியிருந்தார்கள். இரண்டும் சொந்தமாக இருந்த பெண்களில் 7 சதவீதம். போக ஓரிடம் இருப்பவளை அடிக்க யோசிக்கிறார்கள். எனக்கு அப்படி ஓரிடம் தேவைப்பட்ட இரவில், அண்ணன் வீட்டில் இரண்டு நாள்தான் தங்க முடிந்தது. மூன்றாம் நாள் அண்ணி, "எப்ப கிளம்பறீங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள்.

அதனால் அழகாபுரத்து வீட்டில் எனக்கு ஒரு சங்கடம். எழுதிக் கொடுத்ததால் வீடிழந்த நான், இன்னொருத்தி எழுதிக் கொடுப்பதால் வீடு வாங்கப் போகிறேன். இது சரியா?

இளைய தங்கை ராசிபுரம் பக்கம் இருந்தார், தையல் வேலை. தேடிப்போய்ப் பார்த்தேன். காபி கொடுத்தார்.

"உங்களுக்குப் பங்கு வேணுமாங்க?" என்று கேட்டேன்.

தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். "எங்கண்ணன் தேதி மட்டும்தாங்க சொன்னாங்க. மொதல்ல கேட்டது நீங்கதான் டீச்சர்." பிறகு, "கேட்டுட்டா எம் பொண்ணு கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீரு யாருங்க செய்வாங்க? நீங்க வந்து போனதை அண்ணங்கிட்டச் சொல்லிராதீங்க" என்றார்.

திரும்பி வரும்போதுதான் உறைத்தது. என் மனசாட்சியைச் சமாதானப்படுத்த நான் போனேன். அதற்கு விலை கொடுக்க வேண்டியவர் அவர். அவருக்காக நான் முடிவெடுக்க முடியாது, அவருக்குப் புத்தி சொல்லவும் எனக்கு அருகதை இல்லை. செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. பழி அவர் மேல் விழாத மாதிரி புரோக்கரிடம் சொன்னேன்: "மூணு பேரும் விக்கிறவங்களா கிரயப் பத்திரத்துல கையெழுத்துப் போடணும், பணம் மூணு பேர் கணக்குக்கும் தனித்தனியாப் போகணும்னு எங்க வக்கீல் சொல்றாருங்க." வக்கீல் அப்படிச் சொல்லவில்லை. பொய்தான். அந்தப் பொய்க்காக நான் வருந்தவில்லை.

"வீடு வாங்க வந்தீங்களா அம்மிணி, பஞ்சாயத்துப் பண்ண வந்தீங்களா?" என்றார் புரோக்கர். இரண்டு வாரத்தில் வீடு வேறொருவருக்குப் போனது. குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதுவும் 40,000 ரூபாயைத் தாண்டாது. விலகிப்போவதை இவ்வளவு மலிவாக்கி வைத்திருக்கிறோம்.

கடைசியில் சீலநாயக்கன்பட்டி பக்கம் ஒரு வீடு அமைந்தது. விற்றவர் மனை வாங்கித் தானே கட்டியவர், எந்தத் தங்கையின் கையெழுத்தும் தேவைப்படவில்லை. நிம்மதியாக மூலப்பத்திரங்களைப் புரட்டினேன். மனையாகப் பிரிப்பதற்கு முன் அது வயல். 1998-இல் ஒரு விடுதலைப் பத்திரம். அதன் அடியில் மூன்று பெண்களின் இடது கைப் பெருவிரல் ரேகைகள்.

வாங்கினேன். இதை விட்டாலும் அடுத்த வீட்டின் கீழும் சில ரேகைகள் இருக்கும். கறை இல்லாத நிலம் தேடினால் வாடகை வீட்டில்தான் சாக வேண்டும். ஆனால் அந்தப் பக்கத்தை நகலெடுத்து என் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன். என் வீடு எதன்மேல் நிற்கிறது என்று என் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

சாவி வாங்கிய அன்று இருவரையும் கூட்டிப்போனேன். வடக்குப் பக்கத்து அறையில் ஜன்னல் பெரியது. மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "இது அண்ணனுக்கு இருக்கட்டும்மா. நான் எங்க வேணா படுத்துக்குவேன்," என்றாள். பதினான்கு வயது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. என்னைப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள்.

"விட்டுக்குடுக்கறதை அப்புறம் பாத்துக்கலாம்," என்றேன். "மொதல்ல சொல்லு, உனக்கு இந்த ரூம் வேணுமா, வேண்டாமா?"

அண்ணனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டாள். நான் காத்திருந்தேன்.