மண்ணிடம் பட்ட கடன்

பிறர்க்குக் கொடுப்பதை அறமெனப் போற்றும் மாந்தர், பெற்றதைத் திருப்பிக் கொடுப்பதை அத்துணை போற்றுவதில்லை. கடனைத் தீர்த்தவனை வள்ளல் என்று எவரும் அழைப்பதில்லை. எனினும், உலகம் நிலைபெறுவது கொடையாலா, கடன் தீர்ப்பதாலா என்னும் வினாவை மண்ணை நோக்கி எழுப்பின், சிந்திக்கத்தக்க விடை கிடைக்கிறது.

சாவகத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவில், இந்தியப் பெருங்கடலில் கிறிஸ்துமஸ் தீவு உள்ளது. 135 சதுர கிலோமீட்டர் பரப்புடைய அச்சிறு தீவின் மழைக்காட்டில் கோடிக்கணக்கான சிவப்பு நண்டுகள் வாழ்கின்றன. மரங்கள் உதிர்க்கும் இலையையும் கனியையும் அவை உண்கின்றன. எச்சத்தை மண்ணில் விடுகின்றன. வளை தோண்டி மண்ணைக் கிளறுகின்றன. மரம் மண்ணிலிருந்து எடுத்த தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் இவ்வாறு மீண்டும் வேரை அடைகின்றன. மரம் நண்டுக்குக் கொடை வழங்கவில்லை; நண்டும் மரத்துக்கு உதவ எண்ணவில்லை. எனினும், எடுத்தது எடுத்த இடத்திற்கே மீள்வதால் காடு வாழ்கிறது.

இச்சுழற்சி அறுந்தால் என்ன நேரும் என்பதையும் அத்தீவே காட்டிற்று. மனிதரின் போக்குவரத்தால் அங்கு வந்து சேர்ந்த மஞ்சள் எறும்பினம், 1990-களின் பிற்பகுதியில் பெருங்கூட்டமாகப் பெருகியது. மரங்களின் சாற்றை உறிஞ்சும் செதிற்பூச்சிகள் சுரந்த இன்னீர் அதற்கு உணவாயிற்று. எறும்புகள் பீய்ச்சிய அமிலத்தால் மாண்ட நண்டுகள் ஒரு கோடிக்கும் மேலென மதிப்பிடப்படுகின்றன. நண்டற்ற இடங்களில் சருகு குவிந்தது. நாற்றுகள் மட்டுமீறி முளைத்தன. செதிற்பூச்சி பெருகியதால் பெருமரங்களும் வாடின. ஒரு கண்ணி அறுந்ததும் உணவு வலை முழுவதும் உருமாறியது.

மனிதர் அத்தீவில் நேரடியாகச் செய்த செயல் இதனினும் பழமையானது. 1888-இல் பிரிட்டன் அதனைத் தன் உடைமையாக்கிற்று. காரணம், மணிச்சத்து மிகுந்த பாஸ்பேட் பாறை. சீனத் தொழிலாளரும், பின்னர் மலாய்த் தொழிலாளரும் அதனை வெட்டியெடுத்தனர். காட்டில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு அழிந்தது. மண் சுரண்டப்பட்ட இடங்களில் சுண்ணாம்புப் பாறையின் கூர்முனைகளே எஞ்சின. 1987-இல் மூடப்பட்ட சுரங்கம் சில ஆண்டுகளில் மீண்டும் திறக்கப்பட்டது.

அப்பாறைத் தூள் கப்பலேறி எங்குச் சென்றது? மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கும், பின்னாளில் செம்பனைத் தோட்டங்களுக்கும் வந்த உரத்தில் அதுவும் இருந்தது. அத்தோட்டங்களில் உரத்தைச் சுமந்து மரத்தடியில் தூவியவர்களுள் தமிழ்த் தொழிலாளர் பலர். ஒரு மண்ணின் பசி, மற்றொரு மண்ணை வெறுமையாக்கித் தீர்க்கப்பட்டது. இது கடன் தீர்த்தல் ஆகுமா? ஒருவனிடம் வாங்கிய கடனை அடைக்க மற்றொருவனிடம் வாங்குவது போன்றதன்றோ இது?

உரமின்றேல் விளைச்சல் ஏது, விளைச்சலின்றேல் தொழிலாளியின் அடுப்பு எரிவதெங்ஙனம் என்று கேட்பார் உளர். கேள்வி நியாயமானதே. உரமிடுதல் குற்றமன்று. விலை கொடுத்ததும் கணக்கு முடிந்தது என்று கருதுவதே குற்றம். விலை மனிதர் கைக்குத்தான் போய்ச் சேர்கிறது. மண்ணுக்கு அதில் ஒரு காசும் இல்லை. அன்றியும், தழைச்சத்துக்குக் காற்று ஒரு களஞ்சியம். அவரையினச் செடிகளின் வேர்முடிச்சிலுள்ள நுண்ணுயிர்கள் அதனைப் பிடித்துத் தரும். மணிச்சத்துக்கு அவ்வழி இல்லை. மழையில் கரைந்து கடலாழம் புகுந்த மணிச்சத்தில் பெரும்பகுதி, மனிதத் தலைமுறைகளின் கணக்கில் திரும்புவதில்லை. தேவைக்கு மிஞ்சி இட்ட உரம் குளத்தையும் ஏரியையும் அடைந்தால், பாசி படர்ந்து, அது மடிந்து அழுகுகையில் நீரின் உயிர்வளி குறைந்து மீன்கள் மாள்கின்றன. இல்லாமையைப் போலவே மிகையும் கேடு.

திருப்பித் தருவது இயலாத செயலா? செம்பனையே விடை கூறுகிறது. சந்தைக்குச் செல்லும் எண்ணெய், காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் மரம் ஆக்கிக்கொண்ட பொருள். மண்ணிலிருந்து வந்த சத்துகளோ பெரும்பாலும் வெற்றுக்குலையிலும் நாரிலும் புண்ணாக்கிலும் ஆலைக் கழிவுநீரிலும் தங்குகின்றன. வெட்டிய மட்டைகளை மரங்களின் இடையே அடுக்குவதும், வெற்றுக்குலைகளை ஆலையிலிருந்து தோட்டத்துக்கே கொணர்ந்து பரப்புவதும் மலேசியத் தோட்டங்கள் அறிந்த முறைகளே. எண்ணெயை விற்கலாம், சத்தை மீட்டுத் தரலாம். ஊதியத்தை இழந்தே கடனைத் தீர்க்க வேண்டும் என்னும் கட்டாயம் முழுமையாக இல்லை.

அறிவியல் பாடத்தில் சத்துகளின் சுழற்சி ஒரு வட்டமாக வரையப்படுகிறது. அவ்வட்டத்தில் மனிதனுக்கும் ஓர் இடம் உண்டென்பதை ஆசிரியர் காட்டும்போது, அறிவியல் பாடம் அறப் பாடமும் ஆகிறது. மழை கைம்மாறு கருதுவதில்லை என்பர் சான்றோர், மண்ணும் கேட்பதில்லை. கேட்பவன் கடனை அச்சத்தாலும் தீர்ப்பர். கேளாதவரிடம் பட்ட கடனைத் தாமே உணர்ந்து தீர்ப்பதே அறம்.